மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு வீட்டுப் பயிற்சித் திட்டம்: ஆய்வுகள் காட்டும் வழி, படிப்படியாக

"தினமும் எண்ணெய் தேய்த்து, கைகாலைப் பிடித்து நீட்டி மடக்குங்கள். போகப் போகச் சரியாகிவிடும்." மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் பெற்றோர் ஏறக்குறைய எல்லோரும் இந்த அறிவுரையை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. பிறர் அசைக்க அசையும் கையால் குழந்தைக்குப் புதிதாக எந்தத் திறனும் வந்துவிடுவதில்லை. தனக்கு வேண்டிய ஒன்றை எட்டிப் பிடிக்க, தானே முயன்று, தவறவிட்டு, மறுபடி முயலும் குழந்தைக்குத்தான் திறன் கைகூடுகிறது. அதுவும் சிகிச்சை அறையைவிட அந்தக் காரியம் நடக்கும் இடத்திலேயே, சாப்பாட்டுத் தட்டின் முன்னும் குளியலறையிலும் வாசல் திண்ணையிலும் செய்யும் பயிற்சிதான் நிலைக்கிறது.

இதை ஏற்றுக்கொண்டால் அடுத்து என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவர்களிடம் எதைக் கேட்டுப் பெறுவது என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த சில காலத்துக்குள்ளோ ஏற்படும் பாதிப்பால் உடலின் அசைவும் நிலையும் கட்டுப்பாடு இழப்பதே மூளை முடக்குவாதம். மூளையில் உள்ள பாதிப்பு நாளாக நாளாகப் பரவுவதில்லை. ஆனால் குழந்தை வளர வளரத் தசையும் எலும்பும் மூட்டும் மாறிக்கொண்டே போகும். அறிவு வளர்ச்சியும் கட்டாயம் பாதிக்கப்பட்டிருக்கும் என்று நினைப்பது தவறு. 2012இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்றின்படி, ஏறத்தாழ இருவரில் ஒருவருக்குத்தான் அறிவுசார் குறைபாடு இருக்கிறது. மூவரில் இருவர் நடக்கிறார்கள். நால்வரில் ஒருவருக்கு வலிப்பு இருக்கிறது. நால்வரில் மூவர் ஏதோ ஒரு வலியோடு வாழ்கிறார்கள். இந்தக் கடைசி எண்ணிக்கையைப் பலர் கவனிப்பதே இல்லை. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

படி 1: குறைபாட்டுக்குப் பெயர் வைக்கும்வரை காத்திருக்காதீர்கள்

"அவன் அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். "இரண்டு வயது ஆகட்டும், பார்க்கலாம்" என்று சில மருத்துவர்களும் சொல்வார்கள். 2017இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இரண்டையும் மறுக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்பே மூளை முடக்குவாதத்தை அல்லது அதற்கான அதிக அபாயத்தைக் கண்டறிய முடியும் என்பதே அதன் சாரம். உறுதியாகத் தெரியாவிட்டாலும் 'அதிக அபாயம்' என்று குறித்துக்கொண்டு உடனே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் பிரெக்டல் உருவாக்கிய முறை அது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, அழாமல் விழித்திருக்கும் நேரத்தில், பொம்மை எதுவும் காட்டாமல் சில நிமிடம் வீடியோ எடுக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தையின் கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சின்னச் சின்ன நெளிவுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவை இல்லாமல் போவது வலுவான எச்சரிக்கை. பார்த்துச் சொல்வதற்குப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். வீடியோ எடுப்பதற்கு உங்கள் கைப்பேசி போதும்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அறிகுறிகள் இவை:

- நான்கு மாதம் கடந்தும் கைகள் எப்போதும் முஷ்டியாக மூடியிருப்பது
- நான்கு மாதத்துக்குப் பிறகும், கையைப் பிடித்துத் தூக்கும்போது தலை பின்னால் தொங்குவது
- ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கால்கள் விறைத்திருப்பது; கால் விரலை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் இருப்பது
- ஒன்பது மாதம் கடந்தும் பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாதது
- ஒரு வயதுக்குள்ளேயே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது

கடைசியாகச் சொன்னதைப் பல வீடுகளில் "இடது கைப் பழக்கம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் அப்படிப் பழக்கம் நிலைப்பதில்லை. மறு கை ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் முறை. குறைமாதக் குழந்தையானால் பிறந்த நாளை விட்டுவிட்டு, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து மாதங்களைக் கணக்கிடுங்கள்.

எங்கே போவது? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. இவை பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. முதல் முறை போகும்போதே கண் பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சரியாகக் காதில் விழாத குழந்தைக்கு எவ்வளவு பேச்சுப் பயிற்சி கொடுத்தும் பயன் குறைவு.

படி 2: எந்த நிலை என்று கேளுங்கள்

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997இல் ஐந்து நிலைகள் கொண்ட வகைப்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் இதுதான் பொதுமொழி. முதல் நிலைக் குழந்தை தடையின்றி நடக்கும். ஓட்டத்திலும் சமநிலையிலும் சற்றுக் குறை இருக்கும். இரண்டாம் நிலைக்குப் படிக்கட்டும் மேடுபள்ளமும் சிரமம். மூன்றாம் நிலைக்கு வாக்கரோ ஊன்றுகோலோ வேண்டும். நான்காம் நிலையில் தானே நகர்வது குறைவு. பெரும்பாலும் சக்கர நாற்காலி தேவைப்படும். ஐந்தாம் நிலையில் தலையை நிமிர்த்தி வைப்பதே கடினம்.

"என் பிள்ளை நடப்பானா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்வதை நான் விரும்புவதில்லை. ஏனென்றால் ஓரளவு தெளிவான பதில் ஆய்வில் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வளர்ச்சிக் கோட்டை வரைந்து காட்டியது. முதல் நிலைக் குழந்தை தன்னால் எட்டக்கூடிய அசைவுத் திறனின் 90 விழுக்காட்டை ஏறத்தாழ ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறது. ஐந்தாம் நிலைக் குழந்தை மூன்று வயதுக்கு முன்பே எட்டிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதல் சில ஆண்டுகளை வீணாக்கக் கூடாது என்பது ஒன்று. மற்றது சொல்லக் கசப்பானது, ஆனால் பயனுள்ளது: எட்டு வயதான நான்காம் நிலைக் குழந்தையை எப்படியாவது நடக்கவைக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சிகிச்சைக்கு அலைவதைவிட, நல்ல சக்கர நாற்காலி ஒன்றும் வாசலில் ஒரு சரிவுப் பாதையும் அவனைப் பள்ளிக்கும் தெருவுக்கும் கொண்டு சேர்க்கும். சக்கர நாற்காலி வாங்கினால் நடக்கும் ஆசையைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. அப்படி நினைத்தே பிள்ளையை எட்டு வயதுவரை இடுப்பில் சுமந்த தாய்மாரை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

படி 3: ஒரே ஒரு இலக்கைத் தேர்ந்தெடுங்கள்

"கை நன்றாக வர வேண்டும்" என்பதை இலக்காக வைத்துக்கொள்ள முடியாது, அது ஆசை. "காலையில் ஒரு இட்லியைத் தானே எடுத்துச் சாப்பிட வேண்டும்" என்பது இலக்கு. எப்போது, எங்கே, என்ன, யார் உதவியோடு என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் நடந்ததா இல்லையா என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

யாருடைய இலக்கு என்பது இன்னும் முக்கியம். பேசக்கூடிய குழந்தையிடமே கேளுங்கள். பேச்சு வராத குழந்தையானால், எதைப் பார்த்தால் அதன் முகம் மலர்கிறது, எதற்காகத் தவழ்ந்து போகிறது என்று கவனியுங்கள். அண்ணன் கையிலிருக்கும் கைப்பேசியைப் பிடுங்க முயலும் குழந்தைக்கு, கையை நீட்டும் பயிற்சியை நீங்கள் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பீட்டர் ரோசன்பாம், யான் வில்லெம் கோர்ட்டர் என்ற, கனடாவில் பணியாற்றிய இரு மருத்துவர்கள் 2012இல் ஒரு கட்டுரையில் ஆறு விஷயங்களை முன்வைத்தார்கள்: செயல்பாடு, குடும்பம், உடல்தகுதி, மகிழ்ச்சி, நட்பு, எதிர்காலம். இலக்கு தேர்ந்தெடுக்கும்போது இந்த ஆறையும் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மாலையில் அரை மணி நேரம் இருப்பதும் இலக்காகலாம்.

படி 4: உடலைச் சரியாக அமர்த்துங்கள், பொருளை மாற்றுங்கள்

இட்லி இலக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பெண் குழந்தை, மூன்றாம் நிலை. பிடிமானம் இல்லாமல் தரையில் உட்கார்ந்தால் முதுகு வளைந்து பின்பக்கம் சாய்வாள். இட்லியை எடுத்தால் முஷ்டிக்குள் நசுங்கும். தட்டு நழுவி ஓடும். பார்க்கிற யாருக்கும் கைதான் பிரச்சினை என்று தோன்றும். ஆனால் முதலில் சரிசெய்ய வேண்டியது இடுப்பு.

அடி அகலமான பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், இடுப்பு பின்னோக்கி ஒட்டி இருக்கும்படி அமர்த்துங்கள். இடுப்பும் முழங்காலும் ஏறத்தாழச் செங்கோணமாக மடங்க வேண்டும். பாதம் தொங்கக் கூடாது. ஒரு மணைப்பலகையை வைத்தால் போதும். தொடைகளுக்கு நடுவே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தால் கால்கள் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொள்ளாது. இரு பக்கமும் சாய்ந்தால் பழைய பெட்ஷீட்டைச் சுருட்டி இடுக்குங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். முழங்கை மேசையில் ஊன்றியவுடன் கை ஆட்டம் பாதியாகக் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். தனக்கு நிலையான அடித்தளம் கிடைத்தபின்தான் கை வேறு வேலைக்குத் தயாராகிறது.

அடுத்து பொருள். இட்லியை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கித் தோசைக்கல்லில் லேசாக வாட்டிவிடுங்கள், நசுங்காது. விளிம்பு உயர்ந்த தட்டு வையுங்கள். தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாது. கரண்டி பிடிக்கும் கட்டம் வரும்போது அதன் கைப்பிடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றித் தடிமனாக்குங்கள். இவை எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. உணவு ஊட்டும்போது குழந்தையை மடியில் கிடத்தி, தலை பின்னால் சாய்ந்திருக்க வாயில் ஊற்றுவது ஆபத்து. உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். குழந்தை நிமிர்ந்து, முகவாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்க, நீங்கள் எதிரே அதன் கண் மட்டத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள். சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், தொண்டையில் களகளவென்ற சத்தம், அடிக்கடி சளிக் காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரையும் விழுங்குதல் பயிற்சி தெரிந்த நிபுணரையும் பாருங்கள்.

படி 5: எவ்வளவு நேரம், எப்படி

பெற்றோரின் பெரிய பயம் நேரம்தான். நாள் முழுக்கப் பயிற்சி தராவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற குற்ற உணர்வோடு பலர் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக்கும் அவருடைய சகாக்களும் 36 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்துக்கு நல்ல மருந்து. அதில் பெற்றோரோடு சேர்ந்து இலக்கு வகுத்து, வீட்டிலேயே எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தைகளின் செயல்திறன் தெளிவாக முன்னேறியது. பெற்றோர் உண்மையில் செலவிட்ட நேரம் எவ்வளவு? சராசரியாக மாதத்துக்குப் பதினேழு பதினெட்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பதினாறு பதினேழு நிமிடம். தினமும்கூட இல்லை!

எனவே ஒரு நாளில் ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு பயிற்சியைக் கட்டிவிடுங்கள். காலை இட்லி என்றால் காலை இட்லி மட்டும். பள்ளிக்குக் கிளம்பும் அவசர நாளில் நீங்களே ஊட்டிவிடுங்கள், குடி மூழ்கிவிடாது. விடுமுறையில் இரண்டு வேளையும் செய்யலாம்.

செய்யும் முறை இதுதான். முதலில் குழந்தையின் மணிக்கட்டைத் தாங்குங்கள். சில நாளில் கையை முழங்கைக்கு மாற்றுங்கள். பிறகு முழங்கையைத் தொடமட்டும் செய்யுங்கள். பிறகு எடுத்துவிடுங்கள். எந்தக் கட்டத்திலும், குழந்தை முயலத் தொடங்கியபின் உள்ளே புகுந்து முடித்துக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நினைப்பதற்கும் கை கிளம்புவதற்கும் இடையே நேரம் பிடிக்கும். வீட்டில் இருக்கும் எல்லோரும் அந்த இடைவெளியில்தான் பொறுமை இழந்து ஊட்டிவிடுகிறார்கள், பாட்டிமார் முதலில். ஒரு துண்டுகூடக் கீழே விழாத அளவுக்கு எளிதாக இருந்தால் பயிற்சி போதவில்லை. பத்தில் ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை என்றால் இலக்கு பெரிதாகிவிட்டது. துண்டை மாற்றுங்கள், அல்லது மேசையின் உயரத்தை.

ஒருபக்க வாதம் உள்ள குழந்தைக்குத் தனியாக ஒரு முறை உண்டு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டௌப் பக்கவாத நோயாளிகளுக்காக வகுத்த வழி அது: நன்றாக இருக்கும் கைக்குச் சில மணி நேரம் உறை மாட்டி ஓய்வு கொடுத்து, பலவீனமான கையை வேலை செய்யவைப்பது. குழந்தைகளிடம் இது பயன் தருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் தீவிரப் பயிற்சியும் அதே அளவு பலன் தருகிறது. டப்பா திறப்பது, பட்டாணி உரிப்பது, பூ கட்டுவது எல்லாம் அதில் சேரும். உறை மாட்டும் முறையைப் பயிற்சியாளர் இல்லாமல் தொடங்க வேண்டாம். இரண்டு கையும் கட்டுண்டதாக உணரும் குழந்தை பயிற்சியையே வெறுத்துவிடும்.

படி 6: பேச்சுக்குக் காத்திருக்காமல் தொடர்புக்கு வழி செய்யுங்கள்

நால்வரில் ஒருவருக்குப் பேச்சு வருவதில்லை. படங்கள் ஒட்டிய அட்டையையோ கைப்பேசிச் செயலியையோ கொடுத்தால் "பேசவே கற்றுக்கொள்ளாமல் போய்விடுவான்" என்ற அச்சம் பரவலாக இருக்கிறது, சில ஆசிரியர்களுக்கும்கூட. 2006இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று இதைச் சோதித்தது. நம்பகமான முறையில் ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சற்றேனும் கூடியது.

தொடங்குவது எளிது. ஆம் என்பதற்கு ஒரு அசைவு, இல்லை என்பதற்கு ஒரு அசைவு என்று குழந்தையால் தவறாமல் செய்ய முடிந்த இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மேலே பார்ப்பதும் கண்ணை மூடுவதும்கூடப் போதும். வீட்டில் எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். பிறகு தண்ணீர், வலி, வெளியே, போதும், இன்னும் என்று சில படங்கள். "வலி" என்ற படத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

இதையும், இன்னொருவர் குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தட்டவைக்கும் முறையையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த முறையில் வரும் சொற்கள் கையைப் பிடித்திருப்பவருடையவையே என்று கட்டுப்பாட்டோடு நடந்த சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அமெரிக்கப் பேச்சு, கேட்பியல் சங்கம் 2018இல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

படி 7: விற்கப்படுவதைச் சலித்துப் பாருங்கள்

பணம் கரையும் இடம் இது. நிலத்தை விற்றுச் சிகிச்சைக்குப் போனவர்களை நான் அறிவேன். அதனால் இந்தப் பகுதியில் என் குரல் சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன அயோனா நோவாக் குழுவினர் 2013இல், மூளை முடக்குவாதத்துக்கான 64 வகைச் சிகிச்சைகளை ஆராய்ந்து போக்குவரத்து விளக்குபோல நிறமிட்டார்கள். பச்சை என்றால் செய்யலாம், மஞ்சள் என்றால் அளந்து பார்த்துச் செய்யலாம், சிவப்பு என்றால் வேண்டாம். பின்னர் விரிவாகப் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். பச்சையில் வந்தவற்றில் இலக்கு சார்ந்த பயிற்சி, வீட்டுப் பயிற்சித் திட்டம், ஒரு கை, இரு கைப் பயிற்சிகள், தசை இறுக்கத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும் போட்டுலினம் ஊசி, கணுக்கால் இறுகாமல் மாவுக்கட்டு, இடுப்பு மூட்டுக் கண்காணிப்பு ஆகியவை உண்டு. அழுத்தப்பட்ட ஆக்சிஜன் அறைக்குள் உட்காரவைப்பது சிவப்பில் இருக்கிறது.

எண்ணெய் மசாஜ்? குழந்தைக்கு இதமாக இருக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம் வரும். அதற்காகத் தாராளமாகச் செய்யுங்கள். நடையும் கைத்திறனும் அதனால் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிடித்து நீட்டும் பயிற்சி பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் 49 ஆய்வுகளைத் தொகுத்தது. பக்கவாதம், தண்டுவடக் காயம் உள்ளிட்ட பல நரம்புப் பாதிப்புகள் உள்ளவர்களிடம், ஏழு மாதத்துக்கு உட்பட்ட காலம் நீட்டிவிடுவதால் மூட்டின் அசைவில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே முடிவு வந்தது.

ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது ஏற்கத்தக்கதே அல்ல. "இது ஆராய்ச்சிதான்" என்று சொன்னால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பதிவு எண்ணைத் தராமல் கட்டணத்தை மட்டும் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எந்தச் சிகிச்சைக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. என் பிள்ளையின் நிலையில் உள்ள குழந்தைகளிடம் சோதித்திருக்கிறார்களா? சிகிச்சை பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டார்களா? முன்னேற்றம் என்று எதை அளந்தார்கள், மூட்டின் கோணத்தையா, அன்றாடச் செயலையா? எத்தனை வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம்? நல்ல சிகிச்சையாளர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார்.

வெளிநாட்டில் பலித்தது இங்கேயும் பலிக்கும் என்பதும் உறுதியில்லை. பிறந்தவுடன் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தையின் உடலைக் குளிர்வித்து வைப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தபோது, இறப்பும் குறைபாடும் சேர்ந்த கணக்கில் பலன் இல்லை. குளிர்வித்த குழந்தைகளிடம் இறப்பு 42 விழுக்காடு, மற்றவர்களிடம் 31. நம் மண்ணில் சோதிக்க வேண்டும் என்று சொல்வது ஏன் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

படி 8: வெளியே தெரியாதவற்றைக் காவல் காத்துக்கொள்ளுங்கள்

இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவும். ஆரம்பத்தில் வலிக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் செய்து 2006இல் வெளியான ஆய்வில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் 35 விழுக்காட்டினருக்கு மூட்டு விலகியிருந்தது. முதல் நிலையில் யாருக்கும் இல்லை; ஐந்தாம் நிலையில் 90 விழுக்காடு. சுவீடனில் 1994 முதல் இந்தக் குழந்தைகளைப் பதிவேடு வைத்துத் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்து வருகிறார்கள். முழுதாக மூட்டு நழுவும் நிலையை அங்கே ஏறக்குறைய ஒழித்தேவிட்டார்கள். இங்கே நாமாகக் கேட்டால்தான் நடக்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைக் குழந்தைக்கு ஒரு வயதையொட்டி முதல் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது எப்போது என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வலியைப் பற்றி முன்பு சொன்னேன். பேச முடியாத குழந்தை திடீரென்று தூங்காமல் அழுதால், சாப்பிட மறுத்தால், வழக்கத்தைவிட விறைத்தால், "அடம்" என்று முடிவு செய்வதற்கு முன் பல், காது, மலச்சிக்கல், இடுப்பு என்று வரிசையாகப் பாருங்கள். மலச்சிக்கல் ஒன்றே பல குழந்தைகளின் விறைப்பைக் கூட்டிவிடும். வலிப்பு மருந்தை, மருத்துவரைத் தவிர வேறு யார் சொன்னாலும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 9: தனியாகச் சுமக்காதீர்கள்

நிபுணர்கள் நகரத்தில் இருக்கிறார்கள், குழந்தைகள் ஊரில் இருக்கிறார்கள். இதற்கு ஒரு விடை தென்காசி மாவட்டம் ஆய்க்குடியிலிருந்தே கிடைத்திருக்கிறது. கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர்சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் கையில் ஒரு செயலி. அதில் பதிவதை நிபுணர்கள் தொலைவிலிருந்து பார்த்து வழிகாட்டுகிறார்கள். பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளராலும் முடியும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் பெற்றோருக்கு, நிபுணரல்லாத பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவுகளின்படி, பெற்றோர் குழந்தையோடு பழகும் விதமும் குழந்தை தானே தொடர்பைத் தொடங்குவதும் மேம்பட்டன.

அருகில் இப்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் வட்டாரத்தில் ஒரே நிலையில் உள்ள குழந்தைகளின் நான்கைந்து குடும்பங்கள் மாதம் ஒரு முறை கூடுங்கள். வங்கதேசத்திலும் பல நாடுகளிலும் மூளை முடக்குவாதத்துக்கான பெற்றோர் குழுக்கள் இந்த அமைப்பில்தான் நடக்கின்றன. லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அதற்காகத் தயாரித்த பயிற்சிக் கையேட்டை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது எப்படி என்று அப்பாக்களும் கற்றுக்கொள்ளட்டும். எல்லாப் பயிற்சியையும் தாயின் தலையில் கட்டிவிட்டு, "நீ சரியாகச் செய்யவில்லை" என்று சொல்லும் வீடுகளைப் பார்த்துச் சலித்துவிட்டது.

படி 10: காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றால் பெரும்பாலான சலுகைகள் திறக்கும்; 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையும் அதில் அடக்கம். "எங்களிடம் வசதி இல்லை" என்று பள்ளி திருப்பி அனுப்பினால் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் அந்தக் கேள்வியிலேயே வசதி வந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்; இ-சேவை மையத்திலும் உதவுவார்கள்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. வெளிநோயாளிச் சிகிச்சையும் தெரபியும் அதில் அடங்கும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின், தானே முடிவெடுக்க இயலாத நிலை இருந்தால், பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. பதினேழு வயதிலேயே விசாரித்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு வைத்திருங்கள். முதல் பக்கத்தில் குழந்தையின் பெயர், பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, நிலை எண், வலிப்பு மருந்தின் பெயரும் அளவும். இரண்டாம் பக்கத்தில் இப்போதைய இலக்கு, தொடங்கிய தேதி, எட்டு வாரம் முடியும் தேதி. அதன்பின் எக்ஸ்ரேக்கள், எடுத்த தேதியோடு. கைப்பேசியில் இலக்கின் முதல் நாள் வீடியோவும் கடைசி நாள் வீடியோவும் இருக்கட்டும். ஐந்து நிமிடம் மட்டுமே ஒதுக்கக்கூடிய மருத்துவரிடம் அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டிவிட்டு, அடுத்த இலக்கைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள்.